மெய்யெண்ணிலிருந்து விகிதமுறு எண்ணுக்கு மாற்றப்பட்ட வினா: மாணவர் கணிதப் போட்டியொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கணிதச் சங்கமும் ஒரு கணித ஆய்வு நிறுவனமும் இணைந்து பள்ளி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நடத்தும் போட்டியின் இரண்டாம் சுற்றில் இந்நிகழ்வு நேர்ந்தது. வினாத்தாளும் திருத்தும் பணியும் சங்கத்தின் பொறுப்பு. அந்தச் சுற்றில் தேர்ச்சி பெறுவோருக்கான பயிற்சி முகாமை நிறுவனம் தன் வளாகத்தில் நடத்தித் தருகிறது. நிகழ்வு முடிந்தபின் வினா வரைவுகள், கூட்டக் குறிப்புகள், விடைத்தாள்கள் ஆகியவற்றைப் பார்த்து ஒரு பதிவு தருமாறு சங்கத்தின் செயற்குழு, போட்டியோடு தொடர்பில்லாத என்னைக் கேட்டுக்கொண்டது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இடமும் இங்கே விடப்பட்டுள்ளன. நடந்த வரிசை மாற்றப்படவில்லை.

போட்டியின் அமைப்பு பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடைப் பின்பற்றியது. 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய அந்த ஒலிம்பியாடில் நாளொன்றுக்கு மூன்று வினாக்களாக இரண்டு நாள்களில் ஆறு வினாக்கள். ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம். ஒவ்வொரு வினாவுக்கும் 7 மதிப்பெண்கள். இங்கே தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதும், இளையோருக்கும் மூத்தோருக்கும் தனித்தனி வினாத்தாள்கள் உண்டு என்பதும் தவிர மற்றவை ஏறக்குறைய அப்படியே. விடையை மட்டும் எழுதினால் போதாது, நிறுவல் வேண்டும். ஆகையால் ஒவ்வொரு விடைத்தாளையும் இருவர் தனித்தனியே திருத்துவார்கள். அவர்களது மதிப்பெண்கள் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் ஒருங்கிணைப்பாளர் முடிவு செய்வார்.

வினாக்குழுவில் இருந்தவர்கள் அனைவரும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இடையே கிடைத்த நேரத்தில் ஊதியமின்றி இப்பணியைச் செய்தவர்கள். வரும் பக்கங்களைப் படிக்கையில் இதை மறக்கக் கூடாது. வரைவுகளில் அலட்சியத்தின் அடையாளம் எதையும் நான் காணவில்லை.

வினாவும் அதில் நேர்ந்த மாற்றமும்

வினா முதலில் மூத்தோர் தாளுக்காக எழுதப்பட்டது. மெய்யெண்களிலிருந்து மெய்யெண்களுக்குச் செல்லும் ஒரு சார்பு இரண்டு நிபந்தனைகளை நிறைவு செய்கிறது. முதலாவது, இரண்டு எண்களின் பெருக்கற்பலனுக்கு அது தரும் மதிப்பு, அவ்விரண்டுக்கும் தனித்தனியே தரும் மதிப்புகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். இரண்டாவது, எந்த எண்ணுக்கு அது தரும் மதிப்பை வர்க்கப்படுத்தினாலும் அந்த எண்ணின் வர்க்கமே கிடைக்கும். இப்படிப்பட்ட சார்புகள் அனைத்தையும் காண்க என்பது வினா.

விடை இரண்டே சார்புகள்: எண்ணை அப்படியே திருப்பித் தரும் சமனிச் சார்பு, எண்ணின் மட்டு மதிப்பைத் தரும் சார்பு. நிறுவலும் சுருக்கமானது. இரண்டாம் நிபந்தனையால் ஒவ்வொரு எண்ணுக்கும் சார்பின் மதிப்பு அந்த எண்ணாகவோ அதன் எதிர்ம எண்ணாகவோதான் இருக்க முடியும். எந்த நேர்ம மெய்யெண்ணும் இன்னொரு மெய்யெண்ணின் வர்க்கம் என்பதால், முதல் நிபந்தனைப்படி அதற்குரிய மதிப்பும் ஒரு வர்க்கமே. ஆகவே அது எதிர்மமாகாது. எஞ்சுவது −1-க்கு உரிய மதிப்பு 1-ஆ −1-ஆ என்ற ஒரே தெரிவு. முதல் படியில் மட்டும் நின்றுவிட்டு "ஆகவே இரண்டு சார்புகள்" என்று எழுதும் மாணவர்கள் எப்போதும் உண்டு. எண்ணுக்கு எண் குறி மாறலாம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அந்தப் பொறியைச் சோதிப்பதே வினாவை முன்மொழிந்தவரின் நோக்கம். முன்பு இதே போட்டியில் பங்கேற்று இப்போது பட்டப்படிப்பில் உள்ள இருவர், விடையைப் பார்க்காமல் தீர்த்து, வினா சரி என்று கையொப்பமிட்டிருந்தனர்.

அச்சுக்குப் போகும் முன் நடந்த கடைசிக் கூட்டத்தில் இளையோர் தாளின் இரண்டாம் வினா வேறொரு காரணத்துக்காக நீக்கப்பட, அந்த இடத்துக்கு மூத்தோர் தாளிலிருந்து இவ்வினா நகர்த்தப்பட்டது. இளையோர் தாளில் மெய்யெண் சார்புகளைத் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பு சொல்வதால், தொகுப்பாளர் "மெய்யெண்" என்று வந்த இடங்களிலெல்லாம் "விகிதமுறு எண்" என்று மாற்றினார். விடைக்குறிப்பிலும் அப்படியே மாற்றினார். கூட்டக் குறிப்பில் இதற்கு ஒரு வரி மட்டுமே உண்டு: "எளிமைப்படுத்தப்பட்டது."

இந்த மாற்றம் ஏன் எளிமையாகத் தோன்றியது என்பது விளங்கிக்கொள்ளத்தக்கது. சார்புச் சமன்பாடு என்றதும் எல்லோர் நினைவிலும் முதலில் வருவது, கூட்டலுக்கான கோஷியின் சமன்பாடு: இரண்டு எண்களின் கூட்டுத்தொகைக்குச் சார்பு தரும் மதிப்பு, அவ்விரண்டுக்கும் தனித்தனியே தரும் மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். விகிதமுறு எண்களில் அதற்கு நேர்கோட்டுத் தீர்வுகள் மட்டுமே உண்டு. மெய்யெண்களுக்குப் போனால்தான், 1905-இல் ஹாமல் காட்டியபடி, எண்ணற்ற கணங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேரலாம் என்று கொள்ளும் தேர்வு அடிகோளின் துணையால் விசித்திரமான தீர்வுகள் முளைக்கின்றன. இதில் பழகியவர்களுக்கு விகிதமுறு எண் பாதுகாப்பான நிலம் என்ற எண்ணம் தானாகவே பதிந்துவிடுகிறது. பெருக்கலில் நிலைமை நேர் எதிரானது. நேர்ம மெய்யெண் ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் அதே தொகுதியில் கிடைக்கிறது. விகிதமுறு எண்களில் 2-க்கே அது கிடைப்பதில்லை. அங்கே நேர்ம எண்கள் யாவும் பகா எண்களின் அடுக்குகளால் ஒரே ஒரு வழியில் கட்டப்பட்டவை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் குறியை நம் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொண்டால் மற்றவற்றின் குறி தானே அமைந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 2-க்கு மட்டும் −2 என்றும் மற்ற பகா எண்களுக்கு அவற்றையே மதிப்பாகவும் வைத்தால், 6-க்கு −6, 4-க்கு 4, அரைக்கு −½ என்று எல்லாம் முரணின்றி வருகின்றன. பகா எண்கள் முடிவிலி என்பதால் இத்தகைய சார்புகளும் முடிவிலி. அவற்றை எண்ணிட்டு வரிசைப்படுத்தவும் இயலாது. அச்சிட்ட விடைக்குறிப்போ "இரண்டு" என்றது. எல்லா மெய்யெண்களுக்கும் பொருந்துவது விகிதமுறு எண்களுக்கும் பொருந்தத்தானே வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகப் பின்னர் தெரிந்தது. சார்பு எண்களின் சிறிய தொகுதி ஒன்றில் மட்டும் வரையறுக்கப்படும்போது அதன்மேல் விழும் கட்டுப்பாடுகளும் குறைகின்றன, கட்டுப்பாடு குறைந்தால் தீர்வுகள் பெருகலாம் என்று எவரும் அப்போது மறுமொழி சொல்லவில்லை.

தேர்வு நாளில் காணப்பட்டவை

ஒலிம்பியாடில் உள்ளதைப் போலவே இங்கும் முதல் அரைமணி நேரத்தில் மாணவர்கள் எழுத்து வடிவில் ஐயம் கேட்கலாம். ஒரு மையத்திலிருந்து வந்த தாளில், இளையோர் இரண்டாம் வினாவுக்கு விடையாக முடிவிலிச் சார்புகளின் ஒரு குடும்பத்தைத் தரலாமா என்ற கேள்வி இருந்தது. ஐய மேசையில் இருந்தவர் வழக்கமான பதிலான "வினாவை மீண்டும் படிக்கவும்" என்பதை எழுதி அனுப்பினார். விடை தொடர்பான எந்தக் குறிப்பும் தரக் கூடாது என்பதே அவருக்கு இருந்த அறிவுறுத்தல் என்பதால் அவர் செய்தது விதிப்படி சரியே. ஆனால் அந்தக் கேள்வி வினாக்குழுவுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிவித்திருந்தால் தேர்வு முடிவதற்குள் பிழை வெளிப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். அந்நேரத்தில் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி.

திருத்தும் அறையில் மூன்றாம் அமர்வு வரை எவருக்கும் ஐயம் எழவில்லை. விடைத்தாள்கள் மூன்று வகையாக இருந்தன. பெரும்பாலானவை வர்க்கமூலத்தை எடுத்து, விடைக்குறிப்பில் உள்ளபடியே இரண்டு சார்புகளைத் தந்தன. அடுத்த வகையினர் அதே வழியில் சென்று, "இந்த வர்க்கமூலம் விகிதமுறு எண்ணாக இருக்க வேண்டியதில்லை" என்று எழுதி, அங்கேயே நின்றுவிட்டனர். மிகச் சிலர் பகா எண்களின் குறிகளைப் பற்றிப் பேசினர். அவர்களுள் இருவர் முழுக் குடும்பத்தையும் விவரித்து, அதைத் தவிர வேறு தீர்வு இல்லை என்றும் நிறுவியிருந்தனர்.

அந்த இரண்டு தாள்களில் முதலாவதற்கு முதல் மதிப்பீட்டாளர் 2 மதிப்பெண்கள் இட்டு, "விடை தவறு" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டாமவர் 2-க்கு −2 என்ற எடுத்துக்காட்டைக் கையால் சரிபார்த்துப் பார்த்தார். அது நிபந்தனைகளை மீறவில்லை. 7 என்று எழுதிவிட்டு ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டார். இருவரும் பின்னர் ஒருமுறை சரிபார்த்ததும் அவ்வினாவைத் திருத்துவது அன்றே நிறுத்தப்பட்டது. தனித்தனியே இருவர் திருத்தும் முறை இல்லாதிருந்தால் அந்த மாணவர் 2 மதிப்பெண்ணோடு போயிருப்பார், பிழையும் வெளியே தெரிந்திருக்காது.

எதிரில் இருந்த வழிகள்

மறுநாள் கூடிய அவசரக் கூட்டத்தில் நான்கு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. விடைக்குறிப்பின்படியே திருத்திவிடலாம், பெரும்பாலோர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்ற யோசனை உடனே தள்ளப்பட்டது. பொய்யான ஒரு கூற்றுக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் கணிதச் சங்கம் அதன்பின் எதற்காக இருக்க வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வினாவை நீக்கிவிட்டு மீதியைக் கொண்டு தரவரிசை போடலாம் என்பதும், எல்லோருக்கும் 7 கருணை மதிப்பெண்கள் வழங்கலாம் என்பதும் அடுத்தவை. பொதுத் தேர்வுகளில் வினா பிழையாகிவிட்டால் வழக்கமாகச் செய்வது இவற்றில் ஒன்றுதான். இங்கே அவை பொருந்தாமல் போனதற்குக் காரணம், வினா பிழையானது அன்று என்பதே. அச்சிட்ட வடிவில் அது பொருளுள்ள, தீர்க்கத்தக்க, முன்னிருந்ததைவிட அழகான வினா. பிழை விடைக்குறிப்பில் மட்டும் இருந்தது. நீக்கினாலும் கருணை மதிப்பெண் தந்தாலும், அந்தத் தாளிலேயே மிகச் சிறந்த வேலையைச் செய்த இருவரின் உழைப்பு கணக்கில் வராது. தீர்வுகள் பல குடும்பங்களாகப் பிரிவது போட்டிக்கு ஒவ்வாதது என்றும் சொல்ல முடியாது. 2012-இல் அர்ஜென்டினாவில் நடந்த ஒலிம்பியாடின் நான்காம் வினா முழு எண்களின் மீது அமைந்த ஒரு சார்புச் சமன்பாடு. அதில் வர்க்கச் சார்புகளோடு, 2-ஆலும் 4-ஆலும் வகுக்கக் கிடைக்கும் மீதியைப் பொறுத்து மாறும் சார்புகளும் தீர்வாகின்றன. அவற்றைக் கண்டெடுப்பதே அவ்வினாவின் கடினப் பகுதி.

உண்மையான விடையின்படி திருத்த வேண்டும் என்ற நான்காவது யோசனைக்கும் ஒரு குறை இருந்தது. இளையோர் தாளின் இரண்டாம் இடத்துக்கு இது மிகக் கடினம். வினாக்கள் கடின வரிசையில் அமைகின்றன என்று நம்பிப் பழகிய மாணவர், இரண்டாம் வினா தீராதபோது தம்மிடம்தான் ஏதோ குறை என்று கருதி நேரத்தை அதிலேயே செலவிடுவார். இழந்த அந்த நேரத்தை எந்த மதிப்பெண் திட்டத்தாலும் திருப்பித் தர முடியாது. அதிலும் அதிகம் இழந்தவர்கள் வர்க்கமூலத்தில் உள்ள ஓட்டையைக் கண்டவர்கள். காணாதவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருப்பார்கள்.

இக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர், வினாக்குழுவுக்கே தெரியாத விடையை மாணவர்கள் கண்டார்கள் என்று வெளியே சொல்வது சங்கத்துக்கு இழுக்கு என்றார். 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒலிம்பியாடின் ஆறாம் வினாவை அந்நாட்டு வினாக்குழுவினரால் தீர்க்க முடியவில்லை; 11 மாணவர்கள் அதற்கு முழு மதிப்பெண் பெற்றனர். அது எவருக்கும் இழுக்காகவில்லை. ஆனால் அங்கே குழுவினர் வினா கடினம் என்பதை அறிந்தே தாளில் வைத்தார்கள் என்ற வேறுபாட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

போட்டியிடும் மாணவர் எவருக்கும் பயிற்சி அளிக்காத மூவர் கொண்ட தனிக்குழு அமைக்கப்பட்டது. வினாக்குழுவில் இல்லாத ஒருவரை நிறுவனம் அதற்கு அனுப்பியது. இளையோர் தாளின் இரண்டாம் வினாவுக்கான விடைத்தாள்கள் அனைத்தையும், முன்பு இட்ட மதிப்பெண்களை மறைத்து, இக்குழு புதிதாகத் திருத்தியது. புதிய திட்டத்தில் 0, 1, −1 ஆகியவற்றுக்குரிய மதிப்புகளைப் பற்றிய முடிவுகளுக்கு 2. முழு வர்க்கங்களுக்குக் குறி மாறாது என்பதற்கு 1. பொதுவான நேர்ம விகிதமுறு எண்ணுக்கு அந்த வாதம் செல்லாது என்று காரணத்தோடு சுட்டியதற்கு 1. பகா எண்களின் குறிகளைச் சுதந்திரமாகத் தேரலாம் என்பதற்கு 2. எல்லாச் சார்புகளும் நிபந்தனைகளை நிறைவு செய்கின்றன என்று சரிபார்த்ததற்கு 1. இதன்படி, பழைய விடைக்குறிப்பை அப்படியே எழுதியவர் அதிகபட்சம் 3 பெறுவார். அதே வழியில் சென்று ஓட்டையைச் சுட்டி நின்றவர் 4 பெறுவார்.

முகாமுக்கான தேர்வில் வேறு வழி கையாளப்பட்டது. இவ்வினாவைச் சேர்த்து ஒரு பட்டியலும் நீக்கி ஒரு பட்டியலும் தயாரித்து, இரண்டில் எதில் இடம் கிடைத்தாலும் அந்த மாணவர் அழைக்கப்படுவார் என்று முடிவாயிற்று. பரிசுகளுக்கு முதல் பட்டியல் மட்டும். பரிசு உண்மையான கணித வேலைக்கானது. முகாம் வாய்ப்பு சங்கத்தின் பிழையால் எவருக்கும் பறிபோகக் கூடாது என்பது இந்தப் பிரிவுக்குச் சொல்லப்பட்ட காரணம். முகாமின் விடுதி இடத்தைக் காட்டி நிறுவனம் முதலில் தயங்கியது. கூடுதல் மாணவர்களுக்கான செலவைச் சங்கம் ஏற்றபின் இசைந்தது.

என்ன நடந்தது என்பதை வெளியிடுவதா என்பதில்தான் செயற்குழு நீண்ட நேரம் பிரிந்து நின்றது. முடிவு அறிவிப்போடு சேர்த்து, வினா எப்படி மாற்றப்பட்டது, விடைக்குறிப்பு எங்கே தவறியது, உண்மையான விடை என்ன என்பவற்றை ஒரே பக்கத்தில் வெளியிடச் சிறு பெரும்பான்மையில் தீர்மானமாயிற்று. தொகுப்பாளர் இன்னார் என்று குறிப்பிடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒருமித்திருந்தனர்.

பின் நடந்தவை

சில பள்ளிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வினாவை முழுமையாக எழுதி முடித்த தங்கள் மாணவர் 3 பெற, பாதியில் நிறுத்திய வேறொருவர் 4 பெறுவது எப்படி நியாயம் என்பதே அவர்களது கேள்வி. தனிக்குழுவின் பதில் சுருக்கமானது: முதலாமவர் நிறுவியதாகச் சொன்னதை நிறுவவில்லை; இரண்டாமவர் நிறுவாததை நிறுவியதாகச் சொல்லவில்லை. கணிதப் பயிற்சி உள்ள ஆசிரியர்கள் இதை ஏற்றனர். பெற்றோர்கள் எல்லோரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. மேல்முறையீடுகளில் ஒன்று அனுமதிக்கப்பட்டது: ஓட்டையை ஒரு மாணவர் வேறு சொற்களில், தாளின் பின்பக்கத்தில் சுட்டியிருந்தது திருத்தியவர் கண்ணில் படாமல் போயிருந்தது.

இரண்டு பட்டியல் முறை முகாமைக் குலைக்கவில்லை. இரண்டாம் பட்டியலால் வந்தவர்கள் மற்றவர்களிடமிருந்து எவ்வகையிலும் வேறுபட்டுத் தெரியவில்லை என்று பயிற்றுநர்கள் கூறினர்; ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து எதையும் முடிவு கட்டக் கூடாது.

மனத்தை உறுத்துவது வேறொன்று. முழுக் குடும்பத்தையும் கண்ட இருவரில் ஒருவர், ஐய மேசைக்கு அந்தக் கேள்வியை எழுதி அனுப்பியவர். அவரது விடைத்தாளைப் பார்த்தால், நேரத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு வினாவிலேயே செலவிட்டது தெரிகிறது. குடும்பத்தை விவரித்து, அடித்து, இரண்டு சார்புகள் மட்டும் வருமாறு ஏதேனும் நிபந்தனை தம் கண்ணுக்குத் தப்பிவிட்டதோ என்று தேடி, கடைசியில் மீண்டும் குடும்பத்துக்கே திரும்பியிருக்கிறார். மற்ற வினாக்களில் மதிப்பெண் குறைந்ததால் இரண்டு பட்டியல்களிலும் அவர் பெயர் வரவில்லை. சங்கம் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அவரது தீர்வு சங்கத்தின் மாணவர் இதழில் அவர் பெயரிலேயே வெளியானது. முகாமுக்குத் தனியாக அழைக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு, விதிக்கு வெளியே ஒருவரைச் சேர்த்தால் அதுவே முன்னுதாரணமாகிவிடும் என்று கூறி மறுத்தது. இந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. முன்னுதாரணம் பற்றிய அச்சம் பொதுவாக நியாயமானதே; ஆனால் நேர இழப்பைச் சரிசெய்யத்தான் இரண்டாம் பட்டியலே உருவாக்கப்பட்டது, அந்த இழப்பு மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ள ஒரே விடைத்தாளுக்கு அது உதவாமற்போனது.

மாற்றப்பட்டவையும் மாற்றப்படாதவையும்

சரிபார்ப்புக் கையொப்பம் இட்டபின் வினாவின் எண் தொகுதி, சமனின்மைக் குறி, "குறைந்தது", "சரியாக" போன்ற அளவுச் சொற்கள் ஆகியவற்றுள் எது மாறினாலும் அது புது வினாவாகக் கொள்ளப்பட்டு, விடையைப் பாராத ஒருவரால் மீண்டும் தீர்க்கப்பட வேண்டும் என்பது இப்போது விதி. அதற்கு நேரமில்லையெனில் வினா அந்த ஆண்டுக்குக் கைவிடப்படும். மாற்றம் ஒவ்வொன்றும் காரணத்தோடும் செய்தவரின் கையொப்பத்தோடும் வரைவின் ஓரத்தில் பதியப்படுகிறது; "எளிமைப்படுத்தப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் இனி காரணமாகாது.

ஐய மேசைக்கு வரும் கேள்விகள் யாவும், மாணவருக்கு என்ன பதில் போனாலும், வினாக்குழுவில் ஒருவருக்கு உடனடியாகத் தெரிவிக்கப்படுகின்றன. என் பார்வையில் மிகுந்த பலன் தருவதும் மிகக் குறைந்த செலவுள்ளதும் இதுதான். திருத்தத் தொடங்கும் முன் ஒவ்வொரு வினாவுக்கும் பத்துத் தாள்களை எல்லா மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து படிப்பது என்ற வழக்கமும் வந்திருக்கிறது. விடைக்குறிப்போடு ஒத்துவராத தாள்களை அந்தப் பத்தில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

நான் பரிந்துரைத்தவற்றுள் இரண்டு ஏற்கப்படவில்லை. இறுதி அச்சுப்படியை முழுவதுமாக, தேர்வு நேரத்துக்குள், வெளியாள் ஒருவர் மாணவரைப் போல எழுதிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. அப்படிப்பட்ட தன்னார்வலர் ஒவ்வோர் ஆண்டும் கிடைப்பது உறுதியில்லை என்பதால் அது "இயன்றவரை" என்ற சொல்லோடு குறிப்பில் நிற்கிறது. அமைப்பாளரின் பிழையால் பாதிக்கப்பட்ட மாணவரைத் தனித்து ஆராய ஒரு விதிப்பிரிவு வேண்டும் என்பது மற்றொன்று. அது அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.